இருபது வருஷம் கழித்து ஒரு ‘வாங்க’

என் வேலைப் பையைத் திறந்து பார்ப்பவர்கள் கொஞ்சம் குழம்பித்தான் போவார்கள். கலர் மார்க்கர்கள், சுருட்டிய சார்ட் தாள்கள், டேப், ஒரு சுருள் கயிறு. இவற்றுக்கு நடுவே, பழைய துண்டில் சுற்றியபடி ஒரு பன்னீர்ச் செம்பு இருக்கும். வெள்ளியெல்லாம் இல்லை, எவர்சில்வர்தான். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். மூடியில் பாதித் துளைகள் அடைத்துக்கொண்டதால், நேராகத் தெளித்தால் தண்ணீர் நேராகப் போகாது. வலது பக்கம் சிவனே என்று நிற்பவர் மேல்தான் போய் விழும். சென்னையில் ஒரு பயிற்சியின்போது அதை நான் வெளியே எடுத்து வைத்ததும், ஓர் இளைஞர், “மேடம், கல்யாண வீட்டிலிருந்து நேரா வர்றீங்களா?” என்று கேட்டார். ஒருவகையில் அது உண்மைதான் என்பதால் ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

ஊர்க்காரர்களை ஒரு கூடத்தில் உட்காரவைத்து, இன்னும் இருபது வருஷத்தில் உங்கள் ஊர் எப்படியெல்லாம் ஆகக்கூடும் என்று அவர்களையே யோசிக்கவைப்பது என் தொழில். இது ஜோசியம் இல்லை. இதுதான் நடக்கும் என்று நான் எதையும் சொல்வதில்லை. என்னென்ன வரலாம், அதில் நமக்கு எது வேண்டும், அது வரவேண்டுமானால் இன்றைக்கு எதில் கை வைக்கவேண்டும் என்று அவர்கள் வாயாலேயே வரவைக்கவேண்டும். இந்த வேலையில் நான் சேர்ந்தபோது, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காடுகளில் அடுத்தவர் புஞ்சையில் களையெடுத்தே வயசைக் கழித்த என் அம்மா, “நாளைக்கு வேலைக்குக் கூப்புடுவாகளான்னே தெரியாத சனத்துக்கிட்டப் போயி இருவது வருசத்தக் கேக்கப் போறியாக்கும்?” என்று சிரித்தாள். அம்மா சிரித்ததில் நியாயம் இருந்தது. ஆனாலும் இத்தனை ஊர் சுற்றியபிறகு என்னால் அடித்துச் சொல்லமுடியும்: வரப்போகிற காலத்தைக் கற்பனை செய்யத் தெரியாதவர் என்று ஒருவர்கூட இல்லை. வாய் திறக்கவில்லை என்றால் நாம் கேட்ட விதம் சரியில்லை என்று அர்த்தம். இந்தத் தெம்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பரளச்சிக்குத் தெற்கே ஒரு மானாவாரி ஊரில் பஞ்சாயத்துத் தலைவராக இருந்த ஓர் அம்மாவைத்தான் சொல்வேன். அவரை எல்லோரும் தலைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பதவி போனபிறகும் அந்தப் பேர் போகவில்லை.

நான் முதலில் பார்த்தபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கட்டையான உருவம், கணீரென்ற குரல். களையெடுத்தும் பருத்தி எடுத்தும் பிள்ளைகளை ஆளாக்கியவர். பெண்களுக்கென்று ஒதுக்கிய இடம் என்பதால்தான் அவரைத் தேர்தலில் நிறுத்தினார்கள். ஜெயித்த மறுநாள் அவருடைய கணவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஞ்சாயத்து ஆபீஸ் நாற்காலியில் போய் உட்கார்ந்தாராம். “எந்திரிங்க. அது ஓட்டு வாங்குனவ உக்கார்ற எடம். உங்களுக்கு வீட்டுல கட்டில் கெடக்கு” என்று ஊர் பார்க்கச் சொன்னாராம் இவர். அந்த மனிதரே இந்தக் கதையை என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

அந்த ஊர்க் கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேல முள் மண்டிக் கிடந்தது. மழை பெய்தாலும் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஊரில் பாதிப்பேருக்கு அந்த முள்தான் சோறு போட்டது. வெட்டி, அடுக்கி, மண் பூசி, கரிமூட்டம் போட்டு எரித்து, கரியை மூட்டை மூட்டையாக லாரியில் ஏற்றுவார்கள். தலைவரம்மா முள்ளை எடுத்துவிட்டுக் கண்மாயை மீட்கவேண்டும் என்று கிராம சபையில் பேச்சை எடுத்தார். மறுநாளே கரிமூட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் எதிரே வந்து நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் தலைவரம்மாவின் உடன்பிறந்த தம்பி. “இனி அவ வாசப்படிய மிதிச்சேன்னா என்னைய என்னன்னு கேளுங்க” என்று டீக்கடையில் வைத்துச் சொல்லிவிட்டார் அவர். இதில் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. வருகிற ஆவணியில் தலைவரம்மாவின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பந்தல்குடிக்காரர். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் கொண்டு வராத கல்யாணம் கல்யாணமாகவே கணக்கில் வராது. அந்தப் பெண் காலம்பூராவும் அந்தப் பேச்சைக் கேட்கவேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதெல்லாம், தாய்மாமனைக் காணோமே என்று விசாரித்துவிட்டுத்தான் போனார்கள். கண்மாய்ப் பேச்சை விட்டுவிடு, தம்பி தானாக வருவான் என்று உறவுக்காரர்கள் தலைவரம்மாவிடம் சொல்லிப் பார்த்தார்கள். அவர் என்னிடம், “எம் மகளுக்குத் தாய்மாமன் வேணும் தாயி. அவ பெறப்போற பிள்ளைக்குத் தண்ணி வேணும். இதுல எதைய நான் விடுறது?” என்று கேட்டார். கண் கலங்கவில்லை. கேள்விக்குப் பதில் வேண்டும் என்பதுபோல என் முகத்தையே பார்த்தார்.

இப்படியான நிலையில்தான் அந்த ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நான் பட்டறையை ஆரம்பித்தேன். முதல் பாதி படுதோல்வி. இருபது வருஷம் கழித்து உங்கள் வீடு எப்படி இருக்கும் என்று கேட்டேன். “கூரை வீடுதான்” என்றார் ஒருவர். அவருடையது மாடி வீடு என்பதைக் காலையில்தான் பார்த்திருந்தேன். அடுத்தவர் அப்போது தனக்குக் கண் தெரியாது என்றார். இன்னொரு பெண் தன் மாடுகள் இரண்டும் செத்துப்போயிருக்கும் என்று சேலை முந்தானையால் மூக்கைத் துடைத்தார். போகப் போக ஒருவரை ஒருவர் மிஞ்சிக்கொண்டு ஏழையாகிக்கொண்டே போனார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு பின்வரிசையில் ஒருவர், “ஆதார் கார்டு கொண்டாரணுமா மேடம்?” என்று கேட்டபோதுதான் விளங்கியது. வெளியூரிலிருந்து யாராவது தாளும் பேனாவுமாக வந்து வீட்டைப் பற்றிக் கேட்டால் அது ஏதோ ஒரு திட்டத்துக்குக் கணக்கெடுப்பு. நன்றாக இருக்கிறேன் என்று சொன்னவன் பேர் அதில் அடிபட்டுப்போகும். இருபது வருஷம் கழித்து நன்றாக இருப்பேன் என்றால் மட்டும் விட்டுவிடுவார்களா? பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள், வருங்காலத்தையும் உஷாராகத்தான் சொன்னார்கள். இது கணக்கெடுப்பு இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, கட்டாயம் கணக்கெடுப்புதான் என்று அவர்களுக்கு உறுதியாகிவிட்டது.

டீக்கு எல்லோரையும் வெளியே விட்டேன். கரிமூட்டம் போடுகிறவர்கள் காலையிலிருந்தே உள்ளே வராமல் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். டீ முடிந்து ஆட்கள் திரும்பியபோது தலைவரம்மா தன் பழக்கத்தில் கூடத்து வாசலில் நின்று, “வாங்க மதினி... வாங்க மாமா... வா தாயி” என்று ஒவ்வொருவரையும் முகம் பார்த்துக் கேட்டு உள்ளே விட்டார். அரைமணி நேரத்துக்கு முன்னால் வெளியே போன ஆட்களைத்தான். ஆனாலும் அப்படிக் கேட்டதும் ஒவ்வொருவரும் முதுகை நிமிர்த்தி, ஒரு சிரிப்போடு உள்ளே வந்ததை நான் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. எத்தனை வகைப் பலகாரம் போட்டாலும் சரி, வாசலில் ‘வாங்க’ என்று கேட்கவில்லை என்றால் கை நனைக்காமல் திரும்பிப் போய்விடுவார்கள். கேட்டபிறகு எதில் வந்தீர்கள், உங்கள் பக்கம் மழை உண்டா, புஞ்சையில் என்ன போட்டிருக்கிறீர்கள், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று வரிசையாக விசாரிக்கவேண்டும். இன்னொன்றும் உண்டு. கணக்கெடுப்புக்கு எவ்வளவு ஏழையாக வேண்டுமானாலும் நிற்போம். விசேஷ வீட்டுக்கு அப்படி யாரும் போவதில்லை. இரவல் நகை போட்டாவது நிமிர்ந்துதான் போவோம். வாசலில் நின்ற தலைவரம்மாவைப் பார்த்தபடியே இதெல்லாம் எனக்குத் தோன்றியது. கையில் வைத்திருந்த சார்ட் தாளைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டேன்.

“எல்லாரும் மறுபடி வெளியே போங்க” என்றேன். இருபது வருஷம் கழித்து இதே ஊரில் ஒரு விசேஷம், தலைவரம்மாதான் விசேஷ வீட்டுக்காரர், நீங்கள் அந்த நாளில் வருகிற விருந்தாளிகள், அவர் கேட்பார், அன்றைய ஆளாகப் பதில் சொல்லுங்கள் என்றேன். தலைவரம்மாவுக்கு இது உடனே பிடித்துவிட்டது. “வெறுங்கையோட நின்னு வாங்கன்னா நல்லாவா இருக்கும்?” என்று பக்கத்திலிருந்த தன் வீட்டுக்கு ஆள் அனுப்பி அந்தப் பன்னீர்ச் செம்பை எடுத்துவரச் செய்தார். பன்னீர் இல்லை. குடிதண்ணீர்க் குடத்திலிருந்து மொண்டு நிரப்பினார்.

அப்புறம் நடந்ததை எழுத்தில் கொண்டுவருவது கஷ்டம். காலையில் மாடு செத்துப்போகும் என்று மூக்கைத் துடைத்த பெண், தலையில் இல்லாத பூவைச் சரிசெய்தபடி முதல் ஆளாக வந்தார். எதில் வந்தீர்கள் என்றதற்கு, “நானே ஸ்கூட்டர ஓட்டிக்கிட்டு வந்தேன் மதினி, பால் பண்ணைய மருமக பாத்துக்கிருவா” என்றார். கூடமே கைதட்டியது. ஒரு பெரியவர் மட்டும், “நான் அன்னைக்கு உசுரோட இருக்க மாட்டேனே, எப்படி வர்றது?” என்று படியில் நின்றுவிட்டார். “அப்பப் படையலுக்கு வந்ததா வச்சுக்கிருங்க மாமா. இலை போட்டாச்சு, வாங்க” என்றார் தலைவரம்மா. தெளித்த தண்ணீர் அவருக்குப் பின்னால் வலது பக்கம் நின்றவர் முகத்தில் போய் விழுந்தது. மழை உண்டா என்று கேட்டபோதுதான் ஆளுக்கு ஆள் மாறியது. ஒருவர், ஊரில் குடிதண்ணீரே இல்லை, எல்லோரும் மதுரைக்குப் போய்விட்டோம், இந்த விசேஷத்துக்கென்று வண்டி பிடித்து வந்திருக்கிறோம் என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் அவர் முகம் வாடிவிட்டது. இன்னொருவர், கண்மாயில் ஒரு பக்கம் முள், ஒரு பக்கம் தண்ணீர் என்றார். வேப்பமரத்தடியில் நின்றவர்களும் வேடிக்கை பார்க்க வந்து, வரிசையில் நின்று, ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டார்கள். கடைசியில் மரத்தடியில் ஒருவர் மட்டும் நின்றார். தலைவரம்மாவின் தம்பி.

கூடத்தில் சிரிப்பு அடங்கியது. யார் முதலில் ‘வாங்க’ என்று கேட்பது என்பதுதான் இந்த மாதிரிச் சண்டைகளில் எல்லாம். முதலில் கேட்டவர் இறங்கிப்போனவர். தலைவரம்மா செம்பைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பி, மரத்தடிவரை கேட்கிற குரலில், “தாயி, இது இருவது வருசம் கழிச்சுத்தான நடக்கு?” என்றார். ஆமாம் என்றேன். “அப்ப எனக்கு எழுவத்தஞ்சு வயசு. எழுவத்தஞ்சு வயசுல எனக்கென்ன வீம்பு வேண்டிக் கெடக்கு?” என்றவர், வாசற்படியில் இறங்கிக் கையை நீட்டிக் கூப்பிட்டார். “ஏலே தம்பி! பந்தி போட்டாச்சு. வாப்பா.”

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் அந்த அம்மா அத்தனைபேர் முன்னால் உடைந்து போயிருப்பார். அந்த விளையாட்டை ஏற்படுத்தியவள் நான். தம்பி மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டார். இடுப்பில் ஒரு கையை ஊன்றி, முதுகை வளைத்து, கிழவனைப்போல் கால்களை இழுத்து இழுத்து நடந்து வந்தார். கூடம் ஓவென்று சிரித்தது. தலைவரம்மா மட்டும் சிரிக்கவில்லை. “எதுல வந்தே? ஏன் இம்புட்டு நேரம்?” என்று கேட்டார்.

“நடந்துதேன் வந்தேன்க்கா. கலிங்குல தண்ணி போகுது. கரை வழியா வர முடியல, சுத்தி வரவேண்டியதாப் போச்சு.”

கலிங்கு என்பது கண்மாய் நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்குக் கட்டிய கல் தடுப்பு. அந்த ஊர்க் கலிங்கில் தண்ணீர் போனதைப் பார்த்தவர்கள் எல்லோரும் அப்போது நடுவயதைத் தாண்டியவர்கள். முள்ளை எடுக்கக்கூடாது என்று ஊரைத் திரட்டிய மனிதரின் வாயிலிருந்து அது வந்ததும் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவருக்கே திகைப்பாக இருந்தது என்று நினைக்கிறேன். தலைவரம்மா மெல்ல, “அப்ப உள்ள கெடந்த முள்ளு?” என்றார்.

“வெட்டியாச்சு.”

“யாரு வெட்டுனா?”

வளைந்திருந்த முதுகு நிமிர்ந்தது. “நாந்தேன் வெட்டுனேன், வேற எவன் வெட்டுவான்? ஏலம் விட்டு வெளியூருக்காரன் மிஷினக் கொண்டாந்தா ஒரே வழியா வழிச்சுட்டுப் போயிருப்பான். கரையும் சேந்து போயிருக்கும். அதுல வேகுறது நாங்க, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியாக்கா நீ? வாங்கப்பா, உக்காருங்க, என்ன செய்யலாம்னு கேட்டியா?” அவர் குரல் உடைந்துவிட்டது. இருபது வருஷம் கழித்து வந்த விருந்தாளி இல்லை இப்போது பேசுவது என்று எல்லோருக்கும் தெரிந்தது. இப்படி யாராவது விளையாட்டிலிருந்து நழுவினால் திரும்ப இழுத்துவரவேண்டும் என்பது எங்கள் தொழிலில் ஒரு விதி. எனக்கு அது நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் அவரைப் பேசவிட்டேன்.

“கேக்கலதான்” என்றார் தலைவரம்மா. “இப்பக் கேக்குறேன். உள்ள வா, உக்காரு, என்ன செய்யலாம்னு சொல்லு.” செம்பை எடுத்துத் தெளித்தார். வழக்கம்போல அது தம்பி மேல் விழாமல் பக்கத்தில் நின்ற பெரியவர் மேல் விழுந்தது. “படையலுக்கு வந்தவனக் குளிப்பாட்டியே அனுப்புவ போலருக்கே” என்று அவர் சொல்ல, அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் கயிற்றைக் கூடத்தில் நீளமாகப் போட்டேன். ஒரு முனை கலிங்கில் தண்ணீர் போகிற நாள், மறுமுனை இன்று. அந்த நாளில் நின்றுகொண்டு பின்னோக்கி நடந்துவரவேண்டும். தண்ணீர் போகவேண்டுமானால் அதற்கு முந்தி என்ன நடந்திருக்கவேண்டும், அதற்கும் முந்தி என்ன என்று ஒவ்வோர் அடியாக வரவேண்டும். எல்லோரும் அந்தக் கயிற்றின்மேல் நடந்தார்கள், சண்டையும் போட்டார்கள். வெளியூர் ஏலம் வேண்டாம், உள்ளூர்க்காரர்களே பகுதி பகுதியாக வெட்டட்டும், விறகு அவர்களுக்கே, மடையிலிருந்து ஆரம்பிக்கலாம், கண்மாய்க்கு வெளியே பொட்டலில் நிற்கும் முள்ளை மூட்டத்துக்கென்று விட்டுவைக்கலாம், திரும்பத் துளிர்ப்பதை வருஷாவருஷம் மழைக்கு முன்னால் பிடுங்கவேண்டும் என்று சாயங்காலத்துக்குள் ஒரு வடிவம் வந்தது. சிலர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டவர்கள் போதுமான அளவுக்கு இருந்தார்கள். அடுத்த கிராம சபையில் அது தீர்மானமாயிற்று.

ஆவணியில் அருப்புக்கோட்டை மண்டபத்தில் நடந்த கல்யாணத்துக்குப் போனேன். உள்ளே போகும் முன்பே எனக்கு வேண்டியது தெரிந்துவிட்டது. வாசலில் அக்காவும் தம்பியும் சேர்ந்து நின்று வருகிறவர்களை ‘வாங்க’ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் சீர் மேளத்தோடு வந்து இறங்கியதைப் பந்தல்குடிக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கல்யாணப் பெண் தன் மாமனைப் பார்த்துவிட்டு மேடையிலேயே அழுதாள். மண்டபத்தில் பளபளவென்று வேறு பன்னீர்ச் செம்பு வைத்திருந்தார்கள். தலைவரம்மா தன் கோணல் செம்பைத்தான் கையில் வைத்திருந்தார். நான் கிளம்பும்போது அதை ஒரு துண்டில் சுற்றி என் பையில் திணித்தார். “ஊரு ஊராப் போயி வாங்கன்னு கேக்குற வேலை உனக்குத்தான். நீயே வச்சுக்க” என்றார்.

அதிலிருந்து எத்தனையோ ஊர்களில் அந்த வாசல் விளையாட்டை நடத்தியிருக்கிறேன். நெசவாளர்களிடம், லாரி டிரைவர்களிடம், கல்லூரிப் பிள்ளைகளிடம், கோட்டும் சூட்டும் போட்ட அதிகாரிகளிடம். தோற்றதே இல்லை. யாரோ ஒருவர் முகம் பார்த்து ‘வாங்க’ என்று கேட்டுவிட்டால், இருபது வருஷம் என்ன, ஐம்பது வருஷம் தள்ளியிருந்துகூட மனிதர்கள் வந்துவிடுகிறார்கள். விளையாட்டை விளக்கும்போது உதாரணத்துக்கு அந்தத் தம்பி சொன்ன வாக்கியத்தைத்தான் சொல்வேன். அதை எத்தனை தடவை சொன்னேனோ, எனக்கே அது மனப்பாடப் பகுதிபோல ஆகிவிட்டது.

போன மழைக்காலத்தில் தலைவரம்மா போனில் கூப்பிட்டார். “கரை அய்யனாருக்குப் பொங்கல் வைக்கோம் தாயி. அந்தச் செம்ப எடுத்துக்கிட்டு வந்துரு” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. பதவி முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒதுக்கீட்டுச் சுழற்சியில் இடம் மாறி இப்போது வேறொருவர் தலைவர். பஸ்ஸை விட்டு இறங்கிக் கண்மாய்க்கரைப் பாதையில் நடந்தேன். முள் மண்டிக் கிடந்த இடமெல்லாம் வானத்தின் நிறத்தில் தண்ணீர் நின்றது. ஒரு மூலையில் மட்டும் முள் இன்னும் தலைகாட்டியது. கொஞ்சதூரம் போனதும் சத்தம் கேட்டது. பாதை அங்கே முடிந்துபோயிருந்தது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் கலிங்கில் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது. பழைய சேலையை விரித்து மீன் பிடித்துக்கொண்டிருந்தவர், “இதுல எறங்காதீக, இழுத்துரும். சுத்தித்தான் போகணும்” என்றார். மக்காச்சோளக் காட்டு வழியாகச் சுற்றினேன். கரிசல் சேறு செருப்பில் அப்பி ஒவ்வொரு காலும் கல்லாகக் கனத்தது. கடைசியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொங்கலே இறக்கியாகிவிட்டது. நுழைகிற இடத்தில் தலைவரம்மா நின்றார், தலை நன்றாக நரைத்திருந்தது. பக்கத்தில் தம்பி. “ஏன் தாயி இம்புட்டு நேரம்? எதுல வந்தே?” என்றார் தலைவரம்மா.

“நடந்துதான் வந்தேன் தலைவரம்மா. கலிங்குல தண்ணி போகுது. கரை வழியா வர முடியல, சுத்தி வரவேண்டியதாப் போச்சு.”

சொல்லி முடித்தபிறகுதான் எனக்கே உறைத்தது. இத்தனை ஊரில் உதாரணமாகச் சொன்ன வாக்கியம். இன்றைக்கு அது சும்மா நடந்ததைச் சொன்ன பேச்சு. தம்பி தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அக்காவுக்கு எழுவத்தஞ்சு ஆகுறதுக்கு இன்னும் காலம் கெடக்கு. தண்ணிக்குத்தான் அவசரம்” என்றார்.

தலைவரம்மா என் பையிலிருந்து செம்பை எடுத்தார். கண்மாய்த் தண்ணீரை மொண்டு நிரப்பினார். எனக்கு அந்தச் செம்பின் குணம் தெரியும் என்பதால் தானாகவே அவருடைய வலதுபக்கமாக ஓர் அடி தள்ளி நின்றேன். தண்ணீர் முகத்தில் சில்லென்று விழுந்தது. எப்போதும் என்னை ‘வா தாயி’ என்று கூப்பிடுகிறவர், அன்றைக்கு மட்டும் சேலையைச் சரிசெய்துகொண்டு, விருந்தாளியைப் பார்ப்பதுபோல என் முகத்தை நேராகப் பார்த்து, “வாங்க” என்றார்.